அம்மா கறி சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

என் தாய்மாமா ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, மறுநாள் மத்தியானம் தானே அடுப்படியில் நின்று சீன ஓட்டல் பன்றிக்கறி செய்து தரப்போவதாகச் சொன்னார். செய்வார் என்பதை நாங்கள் எல்லோரும் நம்பினோம். சும்மா செய்வார் என்பதைத்தான் ஒருவரும் நம்பவில்லை. மாமா ராயப்பேட்டையில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு மாடி அறை ஒன்றில் தூங்குகிறவர். அதுவரை அவர் எங்கள் சமையலறைக்குள் நுழைந்தது பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடிப்பதற்கு மட்டும்தான்.

யுத்தத்தின் கடைசி வருஷம் அது. எனக்கு ஒன்பது வயது. சாந்தோமில் மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் குடியிருந்தோம். சந்தேகப்படுவதில் எங்கள் வீட்டை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அப்பா ஓர் அச்சுக்கூடத்தில் புரூஃப் பார்ப்பவர். எங்கோ ஒரு பிழை இருக்கிறது என்ற முடிவோடுதான் எதையும் படிக்க ஆரம்பிப்பார். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார். மாமா தெருமுனை திரும்புவதற்குள், "சோழியன் குடுமி சும்மா ஆடுமா?" என்று ஆரம்பித்துவிட்டார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் பொதுவாக ராயப்பேட்டையில் ஒரு பழைய ஓட்டு வீடு இருந்தது. அதை விற்பதற்கு அம்மாவின் கையெழுத்து வேண்டும், அதற்காகத்தான் இந்த உபசாரம் என்பது அவர் தீர்ப்பு.

எங்களோடு இருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, கறியின் மேலேயே சந்தேகம். "சீனாக்காரன் கைப்பக்குவமாம்! மாவைத் தடவி எண்ணெயில போட்டுட்டா தவளை இன்னா, பன்னி இன்னா? மூஞ்சியா தெரியப் போவுது?" என்றார். அத்தை தன் வாழ்நாளில் ஒரு சீனரைத்தான் கிட்டத்தில் பார்த்திருந்தார். அவரும் துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டு விற்க வந்தவர். அவரிடம் அரை மணி நேரம் பேரம் பேசிவிட்டு ஒன்றும் வாங்காமல் அனுப்பிய அனுபவத்தில், சீன தேசம் முழுவதைப் பற்றியும் அத்தையிடம் கருத்து இருந்தது.

என் சந்தேகம் வேறு. போன வருஷம் எனக்கு வயிறு சரியில்லாதபோது ஆரஞ்சு ஜூஸ் என்று சொல்லி மாமா விளக்கெண்ணெய் கலந்து கொடுத்திருந்தார். ஆகவே இந்தக் கறியிலும் ஏதோ மருந்து இருக்கும் என்று நான் நிச்சயமாக நம்பினேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்களே, அந்தப் பூனைக்கும் எனக்கும் வித்தியாசம் ஒன்றுதான். எனக்கு அந்தக் கறியைத் தின்றுபார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

அம்மா மட்டும் மாமாவின் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது நாங்களும் செங்கல்பட்டுப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டோம். அந்தச் சமயத்தில் இங்கேயே தங்கிப் பட்டாளத்தில் சேர்ந்த அண்ணன், வீட்டு விலாசம் கேட்டபோது மாமாவின் டிஸ்பென்சரி விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டான். நாங்கள் திரும்பி வந்த பிறகும் அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவன் கடிதங்கள் ராயப்பேட்டைக்கு வரும். மாமா சனிக்கிழமை சாயங்காலம் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவருவார். ஐந்து மாதமாக ஒரு கடிதமும் இல்லை. அம்மா சட்டைப்பையைப் பார்ப்பாள், மாமா அதைத் தட்டிக் காட்டி, "இந்த வாரம் இல்லக்கா, அடுத்த வாரம் சேர்த்து ரெண்டா வரும்" என்று சிரிப்பார். அந்தச் சனிக்கிழமை அவர் பையைத் தட்டவில்லை. வந்ததும் வராததுமாகப் பன்றிக்கறியைப் பற்றித்தான் பேசினார்.

அதிலும் ஒரு வேடிக்கை, அம்மா கறி சாப்பிடுவதே இல்லை. பயிற்சி முடிந்து பர்மாப் பக்கம் போவதற்கு முன் பத்து நாள் லீவில் வந்த அண்ணன் ரயில் ஏறிய அன்று, அவன் திரும்பி வந்து வாசலில் கால் வைக்கிற வரைக்கும் கறி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை என்று அம்மா மாதாவுக்குப் பொருத்தனை செய்துகொண்டாள். இரண்டரை வருஷமாயிற்று. காலையில் கதவைத் திறந்தால் மீன் கூடை எதிரே வருகிற தெருவில் அம்மா ரசத்தையும் கீரையையும் தின்று பொருத்தனையைக் காப்பாற்றினாள். ரேஷன் அரிசியோ பாதி கல். அம்மாவின் வளையல்கள் முழங்கை வரைக்கும் போய் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை நடுவில் மயங்கி விழுந்தாள். மாமாவின் டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லை, கறி சாப்பிட வேண்டும் என்றார். அம்மா அதற்குச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தால் கோபம் வரும். எங்களையெல்லாம் விட்டுவிட்டு அண்ணனையே நினைத்துக்கொண்டு செத்துப்போய்விடுவாளோ என்று பயமாகவும் இருக்கும்.

அந்தச் சீனக் கறிக்கும் அண்ணனுக்கும் சம்பந்தம் இருந்தது. லீவில் வந்தபோது அவன் காக்கி உடுப்போடு அம்மாவை மவுண்ட் ரோடில் ஒரு சீன ஓட்டலுக்கு அழைத்துப் போனான். தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் கை நனைக்கமாட்டேன் என்று அப்பா வர மறுத்துவிட்டார். எனக்கு ஜுரம். மாமாதான் துணைக்குப் போனார். அம்மா ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். சிவப்பாக, புளிப்பும் இனிப்புமாக, அன்னாசிப்பழத் துண்டு போட்ட பன்றிக்கறி. "கறியில யாராவது அன்னாசிப்பழம் போடுவாங்களா!" என்று கேட்டுக்கொண்டே தட்டைக் காலி செய்தாளாம். அண்ணன் இன்னொரு தட்டு வாங்கிக் கொடுத்தானாம். அதற்கப்புறம் எத்தனையோ நாள் அந்தக் கறியின் பேச்சுத்தான்.

இப்படிப்பட்ட கறியை, பொருத்தனையில் இருக்கிறவள் வீட்டிலேயே வந்து செய்கிறேன் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அதுவும் மாமா! கிறிஸ்துமஸ் அன்றுகூட அக்காவுக்கு முன்னால் கறி சாப்பிடமாட்டேன் என்று எங்கள் வீட்டில் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனவர்.

"பொருத்தனை இருக்குன்னு தெரியும் இல்ல, தம்பி?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியும்க்கா. நாளைக்குப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு மாமா காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை கண்டுவிட்டு வருவதற்கும் மாமா டிராமிலிருந்து இறங்கி நடந்து வருவதற்கும் சரியாக இருந்தது. டிஸ்பென்சரித் தோல்பையில், வாழையிலையில் சுற்றிய பன்றிக்கறி. இன்னொரு கையில் அன்னாசிப்பழம். எங்கள் வீட்டில் பன்றி சமைக்கும் நாளில் தெருப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிடுவது வழக்கம். எதிர்வீட்டில் உருது பேசும் குடும்பம். அந்த வீட்டம்மாவை நான் காலா என்று கூப்பிடுவேன். அவர்கள் முகம் சுளிக்கிறவர்கள் இல்லை, ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. ஜன்னலைச் சாத்தியதும் வீட்டுக்குள் இருட்டும் புகையும் சேர்ந்துகொண்டன. அத்தை என்னை அடுப்படிக்குத் தள்ளி, "அவன் இன்னா ஊத்தறான், எத்தினி ஊத்தறான், எல்லாத்தையும் பாத்துக்கினே இரு. வந்து சொல்லு" என்றார்.

மாமா பையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார். சீன ஓட்டல் சமையல்காரர் ஒருவர் போன மாதம் கையைச் சுட்டுக்கொண்டு கட்டுப் போட டிஸ்பென்சரிக்கு வந்தாராம். கட்டுப் பிரிக்கும்வரை தினம் ஒரு கேள்வியாகக் கேட்டு மாமா எழுதி வைத்துக்கொண்டது அது. உப்பு இத்தனை சிட்டிகை, வினிகர் இத்தனை அவுன்ஸ் என்று மருந்து மிக்சர் கலக்குகிற கணக்கிலேயே எழுதியிருந்தது. வெங்காயத்தை நறுக்குவதற்கு முன் கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினார். கறியைச் சின்னச் சின்னத் துண்டாக, எல்லாம் ஒரே அளவாக வெட்டி, ஒரு சீசாவிலிருந்து கறுப்பாக ஏதோ சாற்றை விட்டுப் பிசறினார். நான் ஓடிப்போய் அத்தையிடம் கறுப்புச் சாறு என்று சொன்னேன். அத்தை சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்புறம் முட்டை. அப்புறம் கூவைக்கிழங்கு மாவு. எனக்குப் பேதியானால் கஞ்சி காய்ச்சித் தருகிற அதே மாவு. எனக்கு விளக்கெண்ணெய் நினைவு வந்தது. மாவில் புரட்டிய துண்டுகளை எண்ணெயில் பொரித்து எடுத்து வைத்து, என்னை நூறு எண்ணச் சொல்லி, மறுபடி எண்ணெயில் போட்டார். ஒரு தரம் வெந்ததை ஏன் இன்னொரு தரம் போடவேண்டும்? "மொதல்ல போட்டது வேகறதுக்கு, ரெண்டாவது மொறுமொறுப்புக்கு" என்றார். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "எதையோ மறைக்கத்தான்" என்றார் அப்பா.

அடுத்தது சாறு. தக்காளியை வேகவைத்துத் துணியில் வடிகட்டி வைத்திருந்தார். ரேஷன் சர்க்கரையை வீணாக்கக் கூடாது என்று, மிக்சரில் கலக்கிற சர்க்கரைப் பாகு ஒரு சீசா கொண்டுவந்திருந்தார். சீசாவின் பக்கத்தில் வேளைக்கு வேளை குடிக்க அளவு காட்டும் காகிதப்பட்டைகூட ஒட்டியிருந்தது. வினிகரை அவுன்ஸ் கிளாஸில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, சட்டியில் விட்டார். கொஞ்ச நேரம் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடியும் வினிகரை அளந்து, மறுபடியும் தூக்கிப் பார்த்து, சட்டியில் விட்டார்.

"மாமா, ரெண்டு தரம் ஊத்திட்டீங்க" என்றேன்.

"அப்படியா?" என்றார். யாரோ தெருவில் வழி கேட்டதுபோல என்னைப் பார்த்தார். பிறகு பாகு சீசாவை அளக்காமலே கவிழ்த்தார்.

இதுதான் எனக்கு உண்மையாகவே பயத்தைக் கொடுத்தது. மாமா அளவு தப்பி நான் பார்த்ததே இல்லை. அத்தை இதைக் கேட்டதும், "கம்பவுண்டர் கை தப்புமா? வேணும்னேதான் ஊத்தறான்" என்று அடித்துச் சொன்னார். விறகு ஈரம். மாமா தோளில் போட்ட துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதை மட்டும் நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. அந்தப் புகையில் யாருக்கும்தான் கண்ணில் தண்ணீர் வரும்.

கடைசியில் அன்னாசித் துண்டு, வெங்காயம், பொரித்த கறி எல்லாவற்றையும் சிவந்த சாற்றில் போட்டுப் புரட்டி இறக்கினார். வாசனையைச் சொல்லவேண்டும். சந்தேகத்தையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து உட்கார வைக்கிற வாசனை. ஆனாலும் எங்கள் வீட்டுப் பழக்கம் விடுமா? மாமா முதலில் சாப்பிடட்டும் என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டிருந்தார். அத்தை ஒரு துண்டை வீட்டுப் பூனைக்குப் போட்டுப் பார்த்தார். பூனை தின்றுவிட்டு இன்னும் கேட்டது. "அது எதையும் துண்ணும்" என்று அத்தை அந்தச் சாட்சியைத் தள்ளிவிட்டார்.

மாமா ஒரு தட்டு நிறையக் கறியைப் போட்டு அம்மாவுக்கு முன்னால் வைத்தார்.

"எனக்கா?" என்றாள் அம்மா.

"உனக்குத்தான்க்கா. பங்குச் சாமியாரை வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். பொருத்தனையை நிறுத்திக்கலாம்னு அனுமதி குடுத்துட்டார். சாப்பிடு. பாவம் ஒண்ணுமில்ல."

நேர்ந்துகொண்டதைச் சாமியார் விலக்கி வைக்கலாம் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் பங்குச் சாமியார் லேசில் இரங்குகிறவர் இல்லை. கால் வீங்கியிருக்கிறது, தபசு காலத்து ஒருசந்தி நோன்பிலிருந்து விடுதலை வேண்டும் என்று அத்தை போய்க் கேட்டபோது, ஒருசந்தியோடு தினம் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையும் சொல்லச் சொல்லி அனுப்பியவர்.

"அவர்கிட்ட என்ன காரணம் சொன்னே?" என்று அம்மா கேட்டாள்.

"உன் உடம்பைத்தான் சொன்னேன். ரத்தம் இல்லைன்னு டாக்டர் சொன்னார் இல்ல?"

"உடம்புக்காகன்னா என்னைக் கூப்பிட்டுல்ல கேட்டிருப்பார்? இன்னிக்குப் பூசை முடிஞ்சதும் வாசல் வரைக்கும் வந்து, பார்த்துப் போம்மான்னு சொன்னார். இத்தனை வருஷத்துல அவர் யாருக்கும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை."

அப்பாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "சுத்தி வளைப்பானேன் மாப்பிள்ளை? காகிதம் கொண்டு வந்திருக்கீங்களா இல்லையா? அதைச் சொல்லுங்க" என்றார். அவர் கேட்டது வீட்டுப் பத்திரத்தை. மாமாவின் கை சட்டென்று போய்ச் சட்டைப்பையை மூடிக்கொண்டது.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். மாமா கையை எடுக்கவும் இல்லை, பையைத் தட்டிக் காட்டவும் இல்லை. பிறகு அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்து, சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்று விழுங்கினாள். இன்னொன்று எடுத்தாள். அவசரமும் இல்லை, ருசியும் இல்லை. ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் தட்டு முழுவதையும் தின்றாள். "புளிப்பு தூக்கல்" என்று அத்தை முணுமுணுத்தார். மாமா சட்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், கிணற்றடியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார்.

நான் நாலு துண்டு தின்றேன். புளிப்பும் இனிப்பும் நாக்கில் மாறி மாறி ஏறின. விளக்கெண்ணெய் இல்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அண்ணன் வருகிற வரைக்கும் அம்மா கறி தொடமாட்டாள். இன்று தொட்டுவிட்டாள். அப்படியென்றால் அண்ணன் வருகிறான்! மாமா பையில் இருப்பது அண்ணன் கடிதம். சாமியாருக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், இப்போது அம்மாவும் கண்டுபிடித்துவிட்டாள். அப்பாவுக்கும் அத்தைக்கும் இது எட்டவில்லையே என்று நினைத்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமைக்கு அளவில்லை. கையைக்கூடக் கழுவாமல் தெருவுக்கு ஓடினேன்.

"எங்க அண்ணன் வர்றான்! எங்கம்மா கறி சாப்ட்டாங்க!" என்று வீடு வீடாகக் கத்தினேன். அம்மாவின் பொருத்தனை தெரு முழுவதற்கும் தெரியும். ஆகவே நான் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. மூன்றாம் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துவிட்டு எழுந்து வந்தார். மீன்காரம்மா கூடையை இறக்கிவைத்து, "கர்த்தரே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எதிர்வீட்டுக் காலா உள்ளே ஓடிப்போய், தன் வீட்டு ரேஷன் சர்க்கரையில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் என்ன சமைத்திருக்கிறது என்று சாத்திய ஜன்னல்களே சொல்லியிருக்கும். அதனால் உள்ளே வராமல் வாசற்படிக்குக் கீழே நின்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"பேட்டா வர்றானாமே! அல்லா உன் வயித்துல பால வார்த்துட்டான். வாயைத் திற, மா" என்று ஒரு சிட்டிகை சர்க்கரையை நீட்டினார்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு காலாவைப் பார்த்தாள். வாயைத் திறந்து சர்க்கரையை வாங்கிக்கொண்டு, "ஆமா" என்றாள்.

மாமாவின் பையில் இருந்தது, அந்தப் புதன்கிழமை டிஸ்பென்சரிக்கு வந்த பட்டாளத்துக் காகிதம். பர்மா எல்லையில் ஓர் ஆற்றங்கரையில் அண்ணனைப் புதைத்துவிட்டார்கள் என்று அதில் இருந்தது. அக்காவின் உடம்பு அந்தச் சேதியைத் தாங்காது, கொஞ்சம் ரத்தம் ஊறட்டும் என்று மாமா நினைத்திருக்கிறார். சாமியாரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிப் பொருத்தனையை அவிழ்த்துக்கொண்டு, அக்கா வேண்டாமென்று சொல்லவே முடியாத கறியாகப் பார்த்துத் தேடிப் பிடித்திருக்கிறார். எனக்கு இதையெல்லாம் மறுநாள்தான் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் வரைக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எப்போது வருகிறான் என்று கேட்டவர்களுக்கு, சீக்கிரம் என்றாள் அம்மா. சந்தோஷமா என்று கேட்டவர்களுக்கு ஆமாம் என்றாள். ஒருவரைக்கூட அவள் திருத்தவில்லை. நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று, எல்லாரையும்விட முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.